நகராத பல்லக்கு

கடலோரமா ஒரு பட்டணம். ராஜா பேரு நெடுமுடியான். தங்கமான மனுஷன், ஆனா யாரு என்ன பேசினாலும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேப்பாரு. மிளகு ஏத்த வந்த கப்பல்ல ஒருநாள் தியோன்னு ஒரு கிரேக்க தேசத்து அறிவாளி வந்து எறங்கினான். சபையில நின்னு, "உலகத்துல எதுவுமே நகராது"ன்னான்.

"எப்படி?"ன்னாரு ராஜா.

"அந்த வாசலுக்குப் போகணும்னா மொதல்ல பாதி தூரம் போகணும். அதுக்கு முன்னாடி அந்தப் பாதியில பாதி. அதுக்கும் முன்னாடி அதுல பாதி. பாதிக்கு முடிவே இல்ல. அப்புறம் எங்க கிளம்புறது? நகர்றதெல்லாம் வெறும் தோற்றம்!"

ராஜா தன் விகடகவியைப் பார்த்தாரு. "நன்னாகா, பதில் சொல்லுடா."

நன்னாகனுக்கு வேர்த்துப் போச்சு. அந்த ஊர்ல ஒரு வழக்கம். வாதத்துல தோத்தவன், ஜெயிச்சவன் ஏறின பல்லக்கோட முன்கொம்பைத் தோள்ல தாங்கி ராஜவீதியைச் சுத்தணும். முன்ன ஒரு குண்டு வைத்தியர் ஜெயிச்சு ஏறி, பல்லக்குப் பலகையே உடைஞ்சு, கீழ இருந்த ஆட்டு மேல விழுந்து... அது கெடக்கு, அந்த ஆட்டுக்காரியோட சண்டையையே ஒரு ராத்திரி முழுக்கச் சொல்லலாம். நன்னாகன் கவலை ஆடு இல்ல, மாமியா. ராஜவீதியிலதான் அவ வீடு. "வாயைத் தவிர என் மாப்பிள்ளைகிட்ட ஒண்ணுமில்ல"ன்னு சொல்றவ. பல்லக்குத் தூக்கிட்டு அவ வாசல்ல போனா அந்த வாயும் போச்சே!

யோசிச்சான். பட்டுனு கும்பிட்டான். "தோத்துட்டேன் மகாராஜா."

தியோன் பல்லக்குல ஏறி உக்காந்தான். நன்னாகன் முன்கொம்பைத் தோள்ல வச்சான். பல்லக்குத் தூக்குற மத்த மூணு பேரும் தூக்கினாங்க. உச்சி வெயில். முன்னாடி நிக்கிறவன் அசையவே இல்ல.

"நடப்பா!"ன்னான் தியோன்.

"எப்படிங்க ஐயா? மொதல்ல பாதி, அதுக்கு முன்னாடி அதுல பாதி... கால வைக்க எடம் தேடிக்கிட்டிருக்கேன்."

"டேய், என்னடா விளையாட்டு?"ன்னாரு ராஜா.

"விளையாட்டா? ஜெயிச்சவரு வாக்கைக் காப்பாத்துறேன் மகாராஜா. ஒரு அடி வச்சேன்னா அவரைப் பொய்யன்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

சனம் கொல்லுனு சிரிச்சுது. தியோனோட வெள்ளை மூஞ்சி மொளகாப் பழமாச்சு, வழுக்கை கொதிச்சுது. எவ்வளவு நேரம் தாங்குவான்? பல்லக்குலேருந்து குதிச்சான், விடுவிடுன்னு வேப்பமர நிழலுக்குப் போனான்.

"மகாராஜா!"ன்னு கத்தினான் நன்னாகன். "பல்லக்குலேருந்து வேப்பமரம் வரைக்கும் ஐயா இப்ப என்ன பண்ணாரு?"

ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் காதுக்கு எறங்கிடுச்சு. தியோனும் நல்லவன்தான், வாய்விட்டுச் சிரிச்சு, தானே வந்து முன்கொம்பை எடுத்துக்கிட்டான். ராஜா கழுத்து முத்துமாலையைக் கழட்டி நன்னாகனுக்குப் போட்டு, பல்லக்குல ஏத்திவிட்டாரு. மாமியா வாசல்ல நின்னு வாயடைச்சுப் பார்த்தா. நன்னாகன் மாலையைச் சரி பண்ணிக்கிட்டான்.

ராஜவீதி நீளம். தியோனுக்கு மூச்சு வாங்குச்சு. "இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?"

மேலேருந்து நன்னாகன் எட்டிப் பார்த்தான். "பாதி வந்தாச்சு ஐயா. மீதியில இன்னும் பாதி இருக்கு. அப்புறம் அதுல பாதி..."