பார்க்காததைச் சொன்ன தாண்டவராயன்

முன்னொரு காலத்தில், ஊர் பார்க்கப் போவதென்றால் கட்டுச்சோறும் கால்வலியும்தான் என்றிருந்த நாட்களில், ஒரு மகாராஜாவுக்கு அடுத்த நாட்டைப் பார்க்க வேண்டும் என்று தீராத ஆசை வந்தது. அடுத்த நாடு என்றால் சாதாரண நாடு இல்லை. அதன் பெயர் மூடுமலை. சுற்றிலும் மலை, மலைக்கு நடுவே ஒரே கணவாய், கணவாய்க்கு ஓர் இரும்புக் கதவு. வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவின்போதுதான் அந்தக் கதவு திறக்கும். அப்போதும் நாட்டுக்கு ஒரு விருந்தாளி மட்டுமே உள்ளே போகலாம். அழைப்பு வராமல் எந்த ராஜாவும் எட்டிப் பார்க்க முடியாது. உள்ளே மேகத்தைத் தொடுகிற கோபுரம் இருக்கிறதாம், ஒரே பாறையில் குடைந்த மண்டபம் இருக்கிறதாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். போய் வந்தவர்களோ அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

திருவிழா நெருங்கிய ஒருநாள் மகாராஜா சபையைப் பார்த்துக் கேட்டார். "நம்மில் ஒருவர் மூடுமலைக்குப் போய் எல்லாவற்றையும் பார்த்து வர வேண்டும். வந்து, நானே நேரில் பார்த்தது போல இருக்கும்படி இந்தச் சபையில் சொல்ல வேண்டும். யார் போகிறீர்கள்?"

மந்திரி வீரபாகு எழுந்தார். அவருக்கு அந்தச் சபையின் விகடகவி தாண்டவராயனைக் கண்டால் ஆகாது. மந்திரி அரைநாள் பேசியும் மகாராஜாவுக்கு ஏறாத விஷயத்தைத் தாண்டவராயன் ஒரு சிரிப்பில் ஏற்றிவிடுவான். அது அவருக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

"சொல்லில் தாண்டவராயருக்கு நிகர் யார், மகாராஜா? அவரையே அனுப்பலாம்" என்றார் வீரபாகு. சொல்லும்போது வழக்கத்துக்கு மாறாகப் புன்னகை செய்தார்.

மகாராஜாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "நல்ல யோசனை. தாண்டவராயா, போய் வா. ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். மழுப்பினாயானால் இந்தச் சபையில் உனக்கு இடமில்லை. இது என் ஆணை."

தாண்டவராயனுக்கும் உள்ளூர ஆசைதான். மறுநாளே கிளம்பிவிட்டான்.

மலையேறி இரும்புக் கதவுக்கு அவன் வந்து சேர்ந்ததும், காவல் அதிகாரி அவனை ஒரு கறுப்புப் பாறைக்கு முன்னால் நிறுத்தினார். பாறையின் மேல் கையை வைக்கச் சொன்னார்.

"நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லும். இந்த நாட்டில் கண்ணால் கண்ட எதையும் வாயால் சொல்ல மாட்டேன். கையால் எழுத மாட்டேன். கோடு போட்டும் காட்ட மாட்டேன்."

தாண்டவராயன் சொல்லி முடித்தான். பிறகுதான் அதிகாரி பக்கத்தில் நின்ற ஒருவரைக் காட்டினார். நடுவயது, மெலிந்த உடம்பு, கையில் ஒரு நீளப் பிரம்பு.

"இவர் ஆதன். உமக்கு வழித்துணை. இவர் பிரம்பு காட்டும் பக்கம்தான் நீர் பார்க்க வேண்டும். நீர் வாக்குத் தவறினால் இவர் கல் உடைக்கும் பள்ளத்துக்குப் போவார். இவர் வீட்டாரும் கூடவே போவார்கள். உங்கள் சபையில் இருக்கும் எங்கள் தூதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்."

அந்தத் தூதர் அடிக்கடி வீரபாகுவின் வீட்டில்தான் விருந்து சாப்பிடுவார். மந்திரியின் புன்னகைக்கு அர்த்தம் தாண்டவராயனுக்கு அப்போது விளங்கியது. சொன்னால் ஆதனின் குடும்பம் போகும். சொல்லாவிட்டால் தன் பிழைப்பு போகும். வந்தது வந்தாகிவிட்டது, முதலில் பார்ப்போம் என்று நடந்தான்.

மண்டபம் என்று கேள்விப்பட்டது வெறும் மண்டபம் இல்லை. ஒரு மலையையே உள்ளிருந்து செதுக்கித் தூண்களை மட்டும் விட்டிருந்தார்கள். தூணில் கொடி, கொடியில் கிளி, கிளியின் அலகில் நெல்மணி. தொட்டால்தான் கல் என்று தெரிந்தது. அடுத்து ஒரு குளம். படிகளில் இறங்கிக்கொண்டே போனவன், கால் சில்லென்று நனைந்த பிறகுதான் அது தண்ணீர் என்று உணர்ந்தான். அத்தனை தெளிவு. அப்புறம் அந்த நாட்டு ராஜாவின் பாட்டனார் சிலை. விருந்தாளிகள் அதன் காலடியில் பூப்போட்டு வணங்கியாக வேண்டும். தாண்டவராயன் முகத்தைப் பார்க்க அண்ணாந்தான். தலைப்பாகை பின்னால் விழுந்ததே தவிர முகம் தெரியவில்லை.

"இதையெல்லாம் செஞ்ச கைகளைக் கும்பிடணும்யா" என்றான், ஆதனிடம். எந்தக் கேலியும் இல்லாமல் அவன் பேசியது வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான்.

ஆதன் பிரம்பை மட்டும் அடுத்த பக்கம் நீட்டினார்.

சாயங்காலம் கோபுர முற்றத்துக்கு வந்தார்கள். சுற்றிலும் உயர்ந்த பாறைகள் மறைத்த அந்த முற்றத்தில் விருந்தாளிகளையும் வழித்துணைகளையும் தவிர வேறு யாரும் கால் வைக்கக் கூடாது; அப்போது இவர்கள் இருவர்தான் இருந்தார்கள். கோபுரம் அடுக்கடுக்காக எழுந்து மேகத்துக்குள் நுழைந்திருந்தது. தாண்டவராயன் கீழ் அடுக்கிலிருந்து மெல்லப் பார்வையை உயர்த்திக்கொண்டே வந்தவன், நடுவில் நிறுத்திவிட்டான். எதிரே நின்ற ஆதன் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்திலும் அப்படித்தான் நின்றார். குளத்திலும் அப்படித்தான்.

"நீங்க திரும்பிப் பார்க்கவே மாட்டீங்களா?" என்று கேட்டான்.

"எங்களுக்கு அப்படித்தான் உத்தரவுங்க. விருந்தாளி கண்ணு எங்க போகுதோ அதைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். வேற எதையும் பார்க்கக் கூடாது."

"அப்ப இந்தக் கோபுரத்தை?"

"முழுசா ஒரு தடவையும் பார்த்ததில்லைங்க. என் முதுகுக்குத்தான் நல்லாத் தெரியும்." ஆதன் பிரம்பைத் தோளுக்கு மேல் பின்னால் நீட்டினார். "எங்கப்பா இதோட உச்சியில வேலை செஞ்சவரு. என்ன செஞ்சாருன்னு சொல்லுவாரு. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு."

தாண்டவராயன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கல்தரையில் உட்கார்ந்தான்.

"தூசி விழுந்துருச்சுய்யா. நான் கண்ணை மூடிக்கிறேன். மூடின கண்ணு எங்கயும் போகாது. அதைக் காவல் காக்க வேண்டியதில்லை, இல்லையா?"

ஆதனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு அவர் செருப்பு கல்லில் உராய்ந்து திரும்புகிற சத்தம் தாண்டவராயனுக்குக் கேட்டது. அதன் பிறகு நெடுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. காற்று மட்டும் வீசியது.

கடைசியில் ஆதனின் குரல் மிகத் தாழ்வாக வந்தது. "மேகம் விலகியிருக்குங்க. உச்சியில யானைங்க வரிசையாப் போகுது. சின்னச் சின்னதா. கடைசிக் குட்டி மட்டும் தும்பிக்கையால தாயோட வாலைப் பிடிச்சிருக்கு. அப்பா சொன்னது நிஜந்தான். நான்தான் நம்பாம இருந்துட்டேன்."

தாண்டவராயனுக்குக் கண்ணைத் திறக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இருந்தாலும் திறக்கவில்லை. திறந்தால் ஆதன் மறுபடி திரும்பிவிட வேண்டும். முற்றத்தை மூடுகிற மணி அடித்து, ஆதன் வந்து தோளைத் தொடுகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்தபோது மேகம் மறுபடி இறங்கிவிட்டது.

ஊர் திரும்பியதும் சபை நிரம்பி வழிந்தது. மகாராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். மூடுமலைத் தூதருக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார் வீரபாகு.

"சொல், தாண்டவராயா" என்றார் மகாராஜா.

வீரபாகு எழுந்தார். "மகாராஜா, ஒரு சிறு சிக்கல். கண்டதைச் சொல்வதில்லை என்று இவர் மூடுமலையில் சத்தியம் செய்திருக்கிறாராம். நம் முன்னோர் வகுத்த நீதிப்படி சத்தியம் தவறியவர் இந்தச் சபையில் இருக்கத் தகாதவர். சொல்லாமல் இருந்தாலோ தங்கள் ஆணையை மீறியவர் ஆகிறார்."

மகாராஜாவின் முகம் சுருங்கியது. "இது உமக்கு முன்பே தெரியாதா?"

"இப்போதுதான் தூதர் சொல்லித் தெரிந்தது, மகாராஜா."

மகாராஜா தாண்டவராயனைப் பார்த்தார். கொடுத்த ஆணையைத் திரும்ப வாங்க அவராலும் முடியாது. தாண்டவராயனோ தூதருக்கு முன்னால் போய்க் கைகூப்பினான்.

"தூதர் பெருமானே, நான் செய்த சத்தியத்தைச் சபையறியச் சொல்ல வேண்டுகிறேன்."

"கண்ணால் கண்ட எதையும் சொல்வதில்லை, எழுதுவதில்லை, கோடு போட்டும் காட்டுவதில்லை" என்றார் தூதர்.

"கண்ணால் காணாததைச் சொன்னால்?"

தூதர் சிரித்துவிட்டார். "காணாததைப் பற்றிச் சத்தியத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. தாராளமாகச் சொல்லும்."

தாண்டவராயன் சபையின் நடுவுக்கு வந்தான். "மகாராஜா, மூடுமலை மண்டபத்தில் கல்லோடு கல்லை ஒட்டிய ஓர் இணைப்பைக்கூட நான் பார்க்கவில்லை. தூண் எங்கே முடிகிறது, தரை எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடினேன், அந்த இடத்தையும் பார்க்கவில்லை. கிளியென்று நினைத்துக் கை தட்டினேன். ஒரு கிளியும் பறந்து போவதைப் பார்க்கவில்லை."

மகாராஜாவின் கண்கள் விரிந்தன.

"குளத்தில் நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. என் வேட்டி முழங்கால் வரை நனைந்தது. அது காலால் அறிந்தது, கண்ணால் கண்டதல்ல. பாட்டனார் சிலையின் முகத்தைப் பார்க்கவில்லை, மகாராஜா. எவ்வளவு அண்ணாந்தும் பார்க்கவில்லை. என் தலைப்பாகை விழுந்த சத்தம்தான் கேட்டது."

மகாராஜா தொடையில் தட்டிச் சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது. தூதர் தன் மடியில் கை கோர்த்தபடி ஒவ்வொரு சொல்லாக யோசித்துப் பார்த்தார். ஒன்றிலும் குறை காண முடியவில்லை. தன் நாட்டைப் பற்றி இத்தனை அழகாக யாரும் பேசி அவர் கேட்டதும் இல்லை.

"வீதிகளில் ஒரு சருகைப் பார்க்கவில்லை" என்று தொடர்ந்தான் தாண்டவராயன். குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "வாசலில் நின்று எதிர்வீட்டோடு பேசுகிறவர் எவரையும் பார்க்கவில்லை. பட்டம் விடுகிற பிள்ளைகளையும் பார்க்கவில்லை."

மகாராஜாவின் சிரிப்பு நின்றது. அவர் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டார். தூதருக்கு மட்டும் அதுவும் பாராட்டாகவே பட்டது. "எங்கள் வீதிகளின் ஒழுங்கு அப்படி" என்றார் பெருமையாக.

"கோபுரம்?" என்று கேட்டார் மகாராஜா. "அதன் உச்சியில் என்ன இருக்கிறது?"

தாண்டவராயனின் நாக்கு நுனி வரை யானைகள் வந்துவிட்டன. வாலைப் பிடித்த குட்டி முதற்கொண்டு வந்துவிட்டது. அவன் கண்டதல்ல, கேட்டதுதான். சொல்லலாம். சொன்னால் யாரிடம் கேட்டாய் என்று தூதர் கேட்பார்.

"உச்சியை நான் பார்க்கவில்லை, மகாராஜா. மேகம்" என்றான். பிறகு தூதர் பக்கம் திரும்பினான். "தங்கள் வழித்துணை ஆதன் காட்டக் கூடாத ஒன்றையும் எனக்குக் காட்டவில்லை. அவரைப் போல வேலையில் சுத்தமானவரை இந்தச் சபையில்கூட நான் பார்க்கவில்லை. இதைத் தங்கள் ராஜாவுக்குத் தெரிவிக்க வேண்டும்."

"கட்டாயம் தெரிவிப்பேன்" என்றார் தூதர். வீரபாகு தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தூதர் சொன்னபடி எழுதியனுப்பினார். சத்தியமும் தவறாமல் புகழ்ச்சியும் குறையாமல் பேசிய சபையைப் பற்றிக் கேட்டு மூடுமலை ராஜா பூரித்துப் போனார். அடுத்த திருவிழாவுக்கு மகாராஜாவுக்கே அழைப்பு வந்தது.

மகாராஜா போனார், பார்த்தார், திரும்பினார். அரண்மனை வாசலில் இறங்கியதும் தாண்டவராயனைத்தான் முதலில் கூப்பிட்டார். "உன் ஆதன்தான் எனக்கும் வழித்துணை. சுகமாக இருக்கிறார். உன்னை விசாரித்தார்" என்றார். தாண்டவராயனுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

அதற்குள் மகாராணியும் மந்திரிகளும் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன பார்த்தீர்கள்? முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றார் மகாராணி.

மகாராஜா ஆசையோடு வாயைத் திறந்தார். கூட்டத்தில் தூதர் நிற்பது தெரிந்தது. வாயை மூடினார். மறுபடி திறந்தார். "நான் அங்கே பார்க்காதது என்னவென்றால்" என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் ஓடவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என்னால் முடியவில்லை. தாண்டவராயா, மீதியை நீ சொல்."

"நான் பார்க்காததையெல்லாம் போன வருஷமே சொல்லித் தீர்த்துவிட்டேன், மகாராஜா" என்றான் தாண்டவராயன். "இந்த வருஷம் நம் மந்திரியார் வீரபாகு சொல்லட்டும். அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. நம் எல்லோரையும் விட அவர் பார்க்காததுதான் அதிகம்."

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகாராணி சிரித்தார். தூதரும் சிரித்தார். வேறு வழியில்லாமல் வீரபாகுவும் சிரித்து வைத்தார். மகாராஜா கண்ணீரைத் துடைத்துக்கொண்டே தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயன் கழுத்தில் போட்டார். அன்று அரண்மனையில் பந்தி போட்ட விருந்து ஆறிப்போகும் வரை யாராலும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாப்பிட உட்கார முடியவில்லை.