வெள்ளையாக விட்ட இடம்

கேள்வி கடைசியில் வரும். நடுவில் குறுக்கே பேசாமல் கேட்டால் பதிலும் கிடைக்கும். பாதிப் பேருக்கு அந்தப் பொறுமைதான் கிடையாது.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். கடலுக்குள் இருக்கும் பவளப்பாறையை அங்கே 'பார்' என்பார்கள். அந்தக் கோடையில் கடல் சுட்டது. பாரிலிருந்த பவளமெல்லாம் வெளுத்துவிட்டது. மேலே நின்று வலை விடுகிறவர்களுக்கு அது தெரியவில்லை. அடியில் இறங்கிச் சங்கு குளிக்கும் தொம்மைக்குத் தெரிந்தது. ஏழாவது படிக்கும் மகள் ரெக்சலினையும் கூட்டிப்போய்க் காட்டினார்.

பவளத்தைக் காப்போம் என்று பள்ளிகளுக்கு ஓவியப் போட்டி வந்தது. ரெக்சலின் கடலுக்கு நீலம் தீட்டினாள், மீனுக்கு மஞ்சள் தீட்டினாள். பவளத்தை மட்டும் வெள்ளைத் தாளாகவே விட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"அரைகுறையா வச்சிட்டு ஓடிருச்சு பாரு!" என்றார் ஆக்னஸ் டீச்சர். பிள்ளைக்குப் பரிசு தவறிவிடக் கூடாதே என்று சிவப்பும் ஊதாவுமாக, கோட்டுக்கு வெளியே ஒரு துளி போகாமல், அவரே நிரப்பி அனுப்பினார். அவர் கடலில் கால் நனைப்பதே மாதா திருவிழா அன்றுதான்.

முதல் பரிசு! நடுவராக வந்த பேராசிரியர் மேடையில் முழங்கினார்: "போன வாரம் நானே இந்தப் பாரில் முக்குளித்தேன். இந்த ஓவியத்தை ஊர்க் கூடத்தில் மாட்டுங்கள், சுவருக்கே அழகு!" ரெக்சலின் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகம் பூரித்துப்போயிருந்தது. வாய் திறக்காமல் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே கூடத்தில் ஊர்க் கூட்டம். தொம்மை மன்றாடினார். "பாரு வெளுத்துக் கெடக்கு. இன்னும் சாவல. தேறுற வரைக்கும் அங்க நங்கூரம் போடாம விட்டாப் பொழச்சுக்கும்."

"எங்கவே வெளுத்துக் கெடக்கு?" படகுக்காரர் கஸ்பார் சுவரைக் காட்டினார். "உம்ம மவளே செக்கச்செவேல்னு வரஞ்சிருக்கா. உம்ம கண்ணுல புரையா?"

கூடமே சிரித்தது. மறுநாள் படகுகள் பாருக்கே போயின.

"ஏட்டி, எதுக்குச் சிவப்படிச்ச?" என்று தொம்மை கேட்டார்.

"நான் வெள்ளையாத்தான்ப்பா விட்டேன்."

வண்ணம் தீட்டியவர் ஒருவர், பரிசு கொடுத்தவர் ஒருவர், வாயை மூடிக்கொண்டவள் ஒருத்தி. இப்போது சொல்லுங்கள்: பாரைக் கெடுத்தது இவர்களில் யார்?

டீச்சர் என்று சொன்னவர்கள் கதையைக் கேட்கவே இல்லை. பார் வெளுத்தது அவருக்குத் தெரியாது. ரெக்சலினுக்குத் தெரியும், ஆனால் பிரியமாகச் செய்தவரை மேடையில் வைத்துத் தலைகுனிய வைக்கப் பன்னிரண்டு வயதுக்கு வாய் வராது. மிச்சம், போன வாரம் முக்குளித்தவர். வெளுத்ததைக் கண்ணால் கண்டுவிட்டு வந்து, சுவருக்கு அழகு என்று சிவப்புக்குப் பரிசு கொடுத்தார். முக்குளித்ததே பொய் என்றால், அதற்குத் தனியாக ஒரு குட்டு.

ரெக்சலின் ஊர்க் கூடத்தில் பிளேடால் சிவப்பைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். தாளும் சேர்ந்து கிழிகிறது.