ஐந்து கட்டைக்கு ஒரு கம்பி

“அறுந்துபோகாத கம்பி எதுன்னு கேக்குறாரு” என்றான் பிச்சைமுத்து.

கேட்டவர் அவனுடைய அண்ணன் வையாபுரி. அவர் கேட்டது யார் காதிலும் விழவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

ஜெசிந்தா டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். சுருட்டுப் பெட்டியில் கிடார் செய்கிறவள். உறையூரில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு, அவளிடம் திட்டு வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு. கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் மறுநாள் வருவதில்லை. மீதிப் பேர் வேறெங்கும் போவதில்லை.

“ஏன், அவருக்கு வாய் இல்லையா?”

“தொண்டையில ஆபரேஷன், டீச்சர். ஆடி மாசம் பண்ணுனாங்க. ஆறிப்போச்சுன்னுதான் டாக்டர் சொல்றாரு. இவருதான் பேச மாட்டேங்குறாரு.”

வையாபுரியின் கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, சிவப்பாக ஒரு கோடு இருந்தது.

“அது என்ன?”

“கம்பி அறுந்து அடிச்சிருச்சு. கண்ணு தப்பிச்சது முருகன் புண்ணியம்.”

வையாபுரி காவடிச் சிந்து பாடுகிறவர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் கூட்டம் ஒன்று அவர் குரலுக்குப் பின்னால்தான் வருஷா வருஷம் நடந்தது. கொத்தனார், லாரி டிரைவர், சைக்கிள் கடைக்காரர் என்று முழுக்க ஆண்பிள்ளைக் கூட்டம். சாதாரண ஆண்பிள்ளைகள் ஒரு கட்டைச் சுருதியிலோ ஒன்றரையிலோ பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வையாபுரி ஐந்து கட்டை. முன்னால் அவர் எடுத்தால் கடைசியில் நொண்டிக்கொண்டு வருகிறவனுக்கும் கேட்கும். மைக் வேண்டாம், ஆர்மோனியம் வேண்டாம்.

இந்த வருஷம் கூட்டத்தார் வீட்டுக்கு வந்து நலம் விசாரித்தார்கள். காபி குடித்தார்கள். கிளம்பும்போது, “இந்தத் தடவை ஸ்பீக்கர் செட் வச்சுக்கலாம்ணே, நீங்க சும்மா கூட நடந்தா போதும்” என்றார்கள்.

அன்பாகத்தான் சொன்னார்கள். வையாபுரிக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாளே ஒரு சுருட்டுப் பெட்டியை எடுத்துக் கிடார் செய்ய உட்கார்ந்துவிட்டார். தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் கனக்காது. காதோரம் சுருதி நின்றால் குரல் தானாக ஏறிப் பழைய இடத்துக்குப் போய்விடும் என்று நம்பினார். பூசத்துக்குள் ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் இனி அவர் எல்லோரையும்போல நடக்கிற ஓர் ஆள்.

பிச்சைமுத்து அண்ணன் செய்த மூன்று கம்பிக் கிடாரை நீட்டினான். டீச்சர் புரட்டிப் பார்த்தாள்.

“பெட்டி நல்லா வந்திருக்கு. கழுத்து பாவம், இப்பவே வளைஞ்சிருக்கு. என்ன கம்பி போட்டாரு?”

உதடு அசைந்தது. பிச்சைமுத்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னான். “மொதல்ல மெல்லிசா போட்டாராம். அது அறுந்துபோகல. ஆனா கொசு கத்துற மாதிரி இருக்காம், ரோட்டுல ஒரு லாரி போனா கேக்காதாம். அப்புறம் தடிசு போட்டாரு. அது கும்முன்னு இருக்கு. அஞ்சு கட்டைக்கு ஏத்துனா அறுந்துருது.”

“மெல்லிசு அஞ்சுக்குப் போகும். தடிசு போகாது.”

“அதான் டீச்சர். தடிசாவும் இருக்கணும், அஞ்சுக்கும் போகணும். அப்படி ஒரு கம்பி வேணும்ங்கிறாரு.”

“இவரு எதுவரைக்கும் போறாரு?”

பிச்சைமுத்து அண்ணனைப் பார்த்தான். இந்தத் தடவை உதடு அசையவில்லை.

“பாடிக் காட்டச் சொல்லுங்க.”

வையாபுரி தலையை ஆட்டி மறுத்தார்.

ஒரே ஒரு தடவை பாடிப் பார்த்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், கொல்லையில் நின்றுகொண்டு. ஐந்துக்குப் போகிற வழியிலேயே குரல் கிழிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். அவரைப் பார்த்துச் சிரித்தார்களா, டி.வி.யைப் பார்த்துச் சிரித்தார்களா என்பது இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து மூச்சுக்காற்றில்தான் பேச்சு. மளிகைக் கடையில் கால் கிலோ பருப்பு வாங்கக்கூடத் தம்பி கூட வர வேண்டும்.

“பாட வேண்டாம். பேசட்டும். உங்க பேரு என்னங்கய்யா?”

“வையாபுரி” என்றான் பிச்சைமுத்து.

“உங்களையா கேட்டேன்?”

வையாபுரிக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. மகள் வயசுப் பெண். குரு என்று நம்பி பஸ் ஏறி வந்தால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரிக்கிறாள். தம்பியின் காதருகே குனிந்து நீளமாக ஏதோ ஊதினார்.

பிச்சைமுத்து அதில் முக்கால்வாசியை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னான்.

“கம்பி இருந்தா குடுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்கன்னு சொல்றாரு.”

ஜெசிந்தா டப்பாவிலிருந்து ஒரு தடித்த கம்பியை எடுத்து அவருடைய கிடாரில் அறுந்துபோன கம்பியின் இடத்தில் மாட்டினாள். மடியில் படுக்க வைத்துக்கொண்டாள்.

“அஞ்சு கட்டைதானே?”

அவர் வேகமாகத் தலையாட்டினார்.

திருகாணியைத் திருகினாள். தட்டினாள். “ஒண்ணு.”

இன்னும் திருகினாள். “ரெண்டு.”

இன்னும் திருகினாள். மரச்சட்டம் கிறீச்சென்றது. “மூணு.”

மூன்றைத் தாண்டியதும் அவள் ஒரு காரியம் செய்தாள். உற்றுக் கேட்பவள்போலக் குனிந்து முகத்தைக் கம்பிமேல் கொண்டுபோனாள். கண்கள் திறந்தே இருந்தன. கண்ணுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை நிறுத்தி வைக்க முடியாது. அப்படியே மேலும் திருகினாள்.

வையாபுரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கம்பி எந்த இடத்தில் அறும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. நாலை நெருங்கும்போது. ஒவ்வொரு தடவையும் அங்கேதான்.

தம்பியின் தோளைத் தட்டினார். சொல்லு, சொல்லு என்று கையைக் காட்டினார்.

“என்னண்ணே? தண்ணி வேணுமா?”

இல்லை என்று ஊதினார். கம்பியின் சத்தத்தில் அந்தக் காற்று எங்கே கேட்கும்?

அவள் திருகினாள். கம்பி கீச்சிட்டது. அவள் இமைக்கக்கூட இல்லை.

“முருகா! விடும்மா! கண்ணு போயிரும்மா! முருகா...”

பிச்சைமுத்துவின் கையிலிருந்த சாப்பாட்டுப் பை கீழே விழுந்தது. யார் வந்துவிட்டார்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தான். வையாபுரியும் திரும்பிப் பார்த்தார்.

வாசலில் யாரும் இல்லை.

அடிவயிற்றிலிருந்து வந்த குரல். கனமான குரல். ஓரிடத்திலும் கிழியவில்லை. வையாபுரி தன் தொண்டையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஜெசிந்தா முகத்தை எடுத்தாள். திருகாணியை மளமளவென்று பின்னால் திருப்பினாள். கம்பி தொங்கிப்போகும் அளவுக்குத் தளர்ந்தது. பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு, எதையோ நினைவுபடுத்திக்கொள்வதுபோல மெல்ல மெல்ல ஏற்றி, ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“மொதல் முருகா பயத்துல வந்தது. அத விட்டுட்டேன். கடைசி முருகா வந்து நின்ன எடம் இது.”

தட்டினாள். அறை முழுக்கக் கேட்டது.

அடுத்த கம்பியைப் பஞ்சமத்தில் வைத்தாள். மூன்றாவதை மேல் சட்ஜத்தில் வைத்தாள். ச, ப, ச. அவ்வளவுதான். கிடாரை அவர் மடியில் போட்டாள்.

“இது எத்தனை கட்டை?” என்று வையாபுரி கேட்டார். வாய்விட்டே கேட்டார். அது அவருக்கே உறைக்கவில்லை.

“ஒண்ணு.”

அவர் முகம் செத்துப்போனது. ஒரு கட்டை! பாத்ரூமில் பாடுகிறவன் சுருதி. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடையில் முனகுகிறவன் சுருதி. அவமானத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது.

“ஒரு கட்டையில பாடுனா எவம்மா என் பின்னால நடப்பான்?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் கம்பி மாட்டுறவ. பாடிப் பாருங்க.”

கோபத்தில்தான் பாடினார். இதில் ஒன்றுமில்லை பார் என்று அவள் முகத்துக்கு நேரே நிரூபிப்பதற்காகவே பாடினார். மூன்று கம்பியையும் ஒரு தடவை வழித்துவிட்டு, மலையடிவாரத்தில் எடுக்கிற சிந்துப் பாட்டை எடுத்தார். அவரே கட்டிய சிந்து.

“ஏத்தம் ஏறி வந்தோமடா, எட்டிப் பாரடா வேலா...”

மூச்சு வாங்கிக்கொள்ள நிறுத்தினார்.

அந்த இடத்தில் அவர் எப்போதும் தனியாகத்தான் நின்றிருக்கிறார். பின்னால் ஒரு சத்தம் இருக்காது, செருப்பில்லாத கால்கள் தேயும் ஓசை மட்டும் இருக்கும். அத்தனை பேரும் வாயடைத்துக் கேட்கிறார்கள் என்று உள்ளுக்குள் பூரித்துக்கொள்வார். பிறகு அடுத்த அடியையும் அவரே எடுப்பார்.

இன்று அவர் வாய் திறப்பதற்குள் அடுத்த அடி வந்துவிட்டது.

“சோத்து மூட்டை கனக்குதடா, சுமையை வாங்கடா வேலா...”

வையாபுரி அதிர்ந்துபோய்த் திரும்பினார்.

பிச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைக்கவில்லை. சுருதி ஒரு மயிரிழை பிசகவில்லை. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, அண்ணன் போடுகிற அதே குழைவைப் போட்டு, வேலா என்று இறக்கி வைத்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தான். அண்ணன் பார்ப்பதைக் கண்டதும் திருட்டில் அகப்பட்டவன்போல விழித்தான்.

“நீ பாடுவியாடா?”

“பாடுவேண்ணே.”

“இத்தனை வருஷமா என் பின்னாலதானடா நடந்து வந்த? ஒரு வாட்டி வாயத் தொறந்தியா?”

“எனக்கு மட்டுமாண்ணே? நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இந்தப் பாட்டு மனப்பாடம்” என்றான் பிச்சைமுத்து. “அஞ்சு கட்டைதான் யாருக்கும் எட்டல.”