கணவாய் மேட்டில் பத்து நிமிடம்

மூடிப்போன சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் மரகதம் எடைமேடை நடத்தி வந்தாள். லாரிக்காரர்கள் எடை போட வருவார்கள். மனசில் கிடப்பதையும் கொட்டிவிட்டுப் போவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். அதனாலேயே சிலர் அவளைக் குருவாக வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் செங்கோட்டுவேலு, முப்பது லாரிகளுக்கு முதலாளி. குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயது கூடுதல். இருவருக்கும் அதில் சங்கடமில்லை.

அன்று காலை வந்தவரின் முகம் வெளிறிக் கிடந்தது.

"அம்மா, என் வண்டியெல்லாம் கணவாய் மேட்டுல நின்னு போகுதுங்க."

"ரிப்பேருங்களா?"

"இல்லீங்க. அதுதான் பயமா இருக்குது."

தொழிலை அவர் தலைகீழாக மாற்றியிருந்தார். சரக்குக் கொடுக்கும் கம்பெனி முதலில் நிமிடம் பிசகக்கூடாது என்றது. பிறகு புகையே கூடாது என்றது. டீசல் லாரிகளை விற்றுவிட்டு பேட்டரி லாரிகளை வாங்கினார். எந்த வண்டி எங்கே, எப்போது என்பதை கம்ப்யூட்டர் முடிவு செய்தது. டிரைவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்தார்கள். வேலையும் விடுப்பும் போனிலேயே. முதலாளியின் முகத்தை அவர்கள் பார்த்ததுகூட இல்லை.

மூன்று வாரமாக, உச்சிவெயிலில் மேட்டுக்கு வரும் வண்டி எதுவானாலும் நின்றுவிடுகிறது. பத்து நிமிடத்துக்குக் கிளம்புவதில்லை. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது.

"டிரைவருங்க என்ன சொல்றாங்க?"

"வயசான ஆளு ஒருத்தரு ரோட்டோரம் நின்னு கையைக் காட்டறாராம். நிறுத்தி இறங்கினா ஆளைக் காணோமாம். நாலு பேரு தனித்தனியா இதையே சொல்றானுங்க."

"யாருன்னு நினைக்கறீங்க?"

அவர் குரல் இறங்கியது. "மருதாசலமுங்க. என்கிட்ட இருபது வருசம் ஓட்டினவரு. போன வருசம் அந்த இறக்கத்துலதான் செத்துப்போனாரு."

பூசணிக்காய் உடைத்துப் பார்த்தார். ஹோமம் செய்தார். கம்ப்யூட்டர்காரர்களையும் கூட்டிவந்து காட்டினார். ஐயருக்குத் தெரிந்த அளவுதான் அவர்களுக்கும் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று கம்பெனி எழுதிவிட்டது. ஒப்பந்தம் போனால் தொழிலும் அதோடு சரி.

"அவரைப் போகச் சொல்லணுமுங்க. ஒரு வழி சொல்லுங்கம்மா."

மரகதம் எடைமேடையைப் பூட்டினாள். "வாங்க, பாத்துட்டு வரலாம்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. மேடு வெறிச்சோடிக் கிடந்தது. குரங்குகளைக்கூடக் காணோம். தடுப்புச்சுவர் ஓரிடத்தில் மட்டும் புது சிமெண்டாக இருந்தது. செங்கோட்டுவேலு அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பி நின்றார்.  

வண்டி வந்த சத்தமே இல்லை. அவர் நிமிர்ந்தபோது பத்தடி தூரத்தில் அவருடைய லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது.

டிரைவர் இறங்கினான். கழுத்தில் தொங்கிய அட்டையில் பிர்சா என்றிருந்தது. செங்கோட்டுவேலுவையே பார்த்தான். பிறகு மெல்ல நகர்ந்து மரகதத்தின் பக்கம் வந்து நின்றுகொண்டான்.

"இன்னைக்கு ஆளு போகல அக்கா," என்றான் அரைகுறைத் தமிழில். "தினம் நான் இறங்கினா இருக்காது."

"யாரு?"

"இவருதான். தினம் இங்க நின்னு கை காட்டறது இவருதான்."



"நானுங்களா? மத்தியானத்துல நான் ஆபீசை விட்டு நகர்றதே இல்லீங்கம்மா. கதவைச் சாத்திட்டு கம்ப்யூட்டரைப் பாத்துட்டு இருக்கேனுங்க."

"அதுல எதைப் பாப்பீங்க?"

"இந்த மேட்டைத்தானுங்க."

மரகதம் அவர் பக்கம் திரும்பினாள். "மூணு வாரத்துக்கு முன்னாடி என்ன நடந்துதுங்க?"

"அந்த விபத்தோட விசாரணை முடிஞ்சுது. டிரைவரோட கவனக்குறைவுன்னு எழுதியிருந்தாங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."

"கவனக்குறைவுங்களா?"

 பிர்சா ஏறி வண்டியைக் கிளப்பிப் பார்த்தான். கிளம்பவில்லை.

"அன்னைக்கும் இதே உச்சிவெயிலு. இங்கிருந்துதான் மருதாசலம் போன் பண்ணினாரு," என்றார் செங்கோட்டுவேலு. "முன்னாடி இறக்கத்துலயே பிரேக் சூடாயிருச்சுங்க முதலாளி, பத்து நிமிசம் ஆறவிட்டு இதை இறக்கறேன்னாரு. நேரமாச்சு, நிறுத்தாதே, இறக்குன்னேன். யாருகிட்டயும் இதைச் சொன்னதில்லீங்க. சொன்னா கம்பெனி என்னை விட்டுடும்."

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வெட்கத்தில் வந்த அழுகை அது.

"புது வண்டி வாங்கிட்டேன். ஆளுங்களை மாத்திட்டேன். புகைகூட இல்லீங்க. இன்னும் நான் எதைத்தான் மாத்தறது?"

மரகதம் சுவரோரம் போய் நின்று பள்ளத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க. இப்ப தினமும் இங்க வந்து சொல்லிட்டு நிக்கறீங்க. கேக்க வேண்டியவரு போயிட்டாரு. இதைக் கேக்க அவரு சம்சாரம் வீட்டுலதான் இருக்காங்க."