அயர்லாந்துக்கு அனுப்ப இயலாது

"வருசம் ஒண்ணு ஆச்சு தாயி. சொன்னதையெல்லாம் செஞ்சுட்டேன். இனியாவது காவி குடுங்க. அப்படியே ஒரு பேரும் குடுங்க."

சங்கரலிங்கம் இதைக் கேட்பது நான்காவது தடவை.

தாயி கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

குருவான தாயிக்கு நாற்பது வயது. சிறுமலை அடிவார ஆசிரமத்துக்கு வருமுன் ஒட்டன்சத்திரத்தில் தையல்கடை வைத்திருந்தவர். சீடருக்கு அறுபத்தி நாலு. அருப்புக்கோட்டையில் இரும்புக்கடை நடத்தியவர். மனைவி ராஜகனி காலமான மறு மாதமே கடையை விற்றுவிட்டு ஆசிரமத்துக்கு வந்து மூன்று வருடமாகிறது.

அதனால் குரு சீடரை 'அய்யா' என்பார். சீடர் குருவை 'தாயி' என்பார். அங்கே யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரிவதில்லை.

"கடை எப்படிப் போகுது அய்யா?"

ஆசிரமத்துக்கு ஓர் ஆன்லைன் கடை உண்டு. சாம்பிராணி, மூலிகைத் தைலம், குளியலுக்கு நலங்கு மாவு. போன வருடம் அதைப் பழைய தளத்திலிருந்து புதிய தளத்துக்கு மாற்றினார்கள். படங்கள் வந்தன, விலைகள் வந்தன, பழைய வாடிக்கையாளர்களின் பெயர்கள்கூடப் பத்திரமாக வந்து சேர்ந்தன. வெளிநாட்டு விற்பனை மட்டும் வரவில்லை.

பழைய கடையில் உலகம் முழுவதற்கும் ஒரே பொத்தான். புதிய கடையில் ஒவ்வொரு நாடாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தபால் செலவு, அந்த ஊர்ப் பணம், எதை உள்ளே விடுவார்கள், எதை விடமாட்டார்கள் என்று தனித்தனியாக எழுத வேண்டும். தலைவலி பிடித்த வேலை.

சங்கரலிங்கம் காவி கேட்டு நச்சரித்த ஒரு நாளில் தாயி அதை அவர் தலையில் கட்டினார். "உலகத்துக்குக் கடையைத் திறந்து வைங்க. ஒரு வருசம் ஓட்டுங்க. அப்புறம் பேசலாம்."

அந்த வருடம்தான் இப்போது முடிந்திருந்தது.

"பிரமாதமாப் போகுது தாயி. மலேசியா, கனடா, மொரீசியஸ். போன வாரம் ஃபிஜிக்குக்கூட ஒரு பார்சல் போச்சு."

"வாங்கினவங்க சரி. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனவங்க?"

"அவங்களைத் தெரிஞ்சு என்ன தாயி ஆகப்போகுது?"

"அந்தப் பட்டியல் உண்டா, இல்லையா?"

இருந்தது. 'பாதியில் விட்டவர்கள்' என்று திரையின் ஓரத்தில் ஒரு பொத்தான். ஒரு வருடமாகக் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. நாற்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்த மனிதர். வாங்காமல் போனவர்களை நினைத்துப் பார்த்துப் பழக்கமில்லை.

"கொண்டாங்க. படிங்க."

லேப்டாப்பை மடியில் வைத்துப் படித்தார். துபாயில் ஒருவர் தைலத்தை எடுத்துவிட்டு மனம் மாறியிருந்தார். சிங்கப்பூரில் ஓர் அம்மாள் தபால் செலவைப் பார்த்ததும் ஓடியிருந்தார். அதைச் சொல்லும்போது சங்கரலிங்கத்துக்குச் சிரிப்புகூட வந்தது.

அடுத்த வரியில் நிறுத்திவிட்டார்.

"படிங்க அய்யா."

"அயர்லாந்து. உங்கள் முகவரிக்கு அனுப்ப இயலாது."

"அது யாரு எழுதினது?"

"நாந்தான் தாயி. மூடி வச்ச நாட்டுல இருந்து யார் வந்தாலும் அப்படித்தான் சொல்லும்."

"எத்தனை நாட்டை மூடி வச்சிருக்கீங்க?"

"ஒண்ணு."

"ஏன்?"

"தபால் செலவு கட்டுபடியாகாது."

"ஃபிஜிக்குக் கட்டுபடியாகுது."

சங்கரலிங்கம் குனிந்துகொண்டார்.

தாயி கத்தியைக் கீழே வைத்தார். "வந்தவங்க பேரு?"

"ச. யமுனா."

அவர் மகள். ஒரே மகள்.

எட்டு வருடத்துக்கு முன் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு அயர்லாந்துக்குப் போனாள். அன்றைக்கு வீட்டு நடுக்கூடத்தில் நின்று சங்கரலிங்கம் சொன்னார்: இனி அந்தப் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. ராஜகனி எடுக்கவில்லை. எடுக்காமலேயே இருந்து, எடுக்காமலேயே செத்துப்போனார்.

சாவுச் செய்தியைக்கூட, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் ஆள் விட்டுப் போனில் சொல்லச் சொன்னார். பெற்றவள் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக் கொடுத்துவைக்காத பிள்ளை அந்தப் பக்கம் போனில் கதறியிருக்கிறாள். போனில் சொன்னவர் வந்து விவரித்தபோது சங்கரலிங்கம் எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

கல் மனசு. வேறு என்ன சொல்வது?

அவள் தன் பெயருக்கு முன்னால் இருந்த அந்த எழுத்தை எடுத்துப் போட்டிருக்கலாம். புருஷன் பெயரைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எடுக்கவில்லை.

"எத்தனை தடவை வந்திருக்கா?"

"நாலு தடவை."

"என்ன கேட்டு?"

"நலங்கு மாவு. ஒரு பாக்கெட்."

அந்த மாவு ராஜகனியின் கைப்பக்குவம். பச்சைப்பயறும் பூலாங்கிழங்கும் ஆவாரம்பூவும் எந்த அளவில் சேர வேண்டும் என்று ஒரு பழைய நோட்டில் அவர் எழுதி வைத்திருந்ததை, ஆசிரமத்துக்கு வரும்போது சங்கரலிங்கம் கொண்டுவந்தார். பாக்கெட்டில் அவர் பெயரையே அச்சடித்தார்கள். 'ராஜகனி நலங்கு மாவு.' மகளுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. அப்பா இங்கே இருப்பதும் தெரியாது.

"கடைக்காரருக்கு ஏதும் எழுதியிருக்காளா?"

முதல் மூன்று தடவை அந்தக் கட்டம் காலியாக இருந்தது. நான்காவதில் இரண்டு வரி இருந்தது. சங்கரலிங்கம் லேப்டாப்பைத் தாயி பக்கம் திருப்பினார்.

தாயி படித்தார்.

"என் குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிறது. என் அம்மா பெயரும் ராஜகனிதான், அந்தப் பெயருக்காகவே கேட்கிறேன், ஒரே ஒரு பாக்கெட் எப்படியாவது அனுப்ப முடியுமா?"

காய் நறுக்கிய பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மனிதர் அழுதார். மனைவியின் சிதை எரிந்தபோது அழாதவர், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார்.

தாயி அழ விட்டார்.

"எப்ப எழுதினது அய்யா?"

"பத்து மாசம் ஆச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் வரலை."

வெளியே யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"பிள்ளை இப்ப நடக்க ஆரம்பிச்சிருக்கும்," என்றார் சங்கரலிங்கம். "ஆணா பொண்ணான்னுகூடத் தெரியலை தாயி."

சங்கரலிங்கம் சட்டென்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். நாடுகளின் பட்டியலைத் திறந்தார். "இதோ இப்பவே திறந்துடறேன். ஒரு டிக் போட்டா முடிஞ்சுது."

"திறந்தா?"

"வருவா. வந்து வாங்கிக்குவா."

"பொறந்த வீட்டுல மக காசு குடுத்தா வாங்குவா?"

அவர் விரல் அப்படியே நின்றது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தாயி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பாக்கெட் நலங்கு மாவும், மடித்த காவித்துணியும் இருந்தன. புதிதாகச் சாயம் தோய்த்த நாலு முழம். சங்கரலிங்கம் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த துணி. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

தாயி துணியைப் பாயில் விரித்தார். கத்தரிக்கோலை எடுத்து ஒரு முழத்தை வெட்டினார்.

"தாயி! அது காவி!"

"வெளிநாட்டுப் பார்சல் அய்யா. துணி வச்சுத் தைச்சாத்தானே கிழியாமப் போய்ச் சேரும்?"

ஊசியில் நூல் கோத்தார். தையல்காரியின் கை, மளமளவென்று ஓடியது. பாக்கெட் காவிக்குள் போயிற்று. ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று பக்கம்.

"முகவரி எழுதுங்க."

சங்கரலிங்கம் பட்டைப் பேனாவை எடுத்தார். திரையைப் பார்த்து, எழுத்து எழுத்தாக எழுதினார். ச. யமுனா. வீட்டு எண். தெரு. ஊர். கடைசியில், அயர்லாந்து.

பெறுநர் முடிந்தது. அனுப்புநர் என்று எழுதிவிட்டுப் பேனா நின்றது.

"ஆசிரமம்னு போட்டுடவா?"

தாயி கடைசிப் பக்கத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"என் பேரைப் பார்த்தா வாங்காம திருப்பி அனுப்பிருவா தாயி. அவ திருப்பி அனுப்பினா அதை என்னால தாங்க முடியாது. நான் கேட்ட அந்தப் புதுப் பேரை இப்பவே குடுத்துடுங்க. அதையே போட்டுடறேன். யாரோ எவரோ அனுப்பினதுன்னு நினைச்சுக்கட்டும்."

தாயி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பார்சலை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

ஈரம் காயாத முகவரியில், யமுனாவுக்கு முன்னால் இருந்த ஒற்றை எழுத்தின் அருகே விரலை வைத்தார்.

"இது யாரு அய்யா?"