நனையாத முரசு

ஒரு காட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வரும் விருந்தாளி ஒருவர் இருந்தார். அவர் பெயர் வெள்ளம். ஆண்டுதோறும் வருவார், ஆற்றங்கரை வளைகளில் இருப்பதையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு போவார்.

இந்தக் கொடுமை தூரத்துக் காடுகளின் காதுக்கும் எட்டியது. உடனே எல்லாருக்கும் மனம் இளகிவிட்டது. வடமலைக் கரடி மரம் கொடுத்தது. கடல் கடந்து வந்த பூநாரை செய்முறை சொன்னது. மேற்குக் காட்டு ஓநாய் தோல் கொண்டுவந்தது. யாருடைய தோல் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இப்படி மூன்று காடுகள் சேர்ந்து ஒரு பெரிய வெள்ள முரசு செய்தன. ஆறு பெருகினால் அதை அடிக்க வேண்டும். சத்தம் கேட்டதும் வளையில் இருப்பவர்கள் மேட்டுக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

விழா நடந்தது. விருந்தினர் பேசினார்கள், பேசினார்கள், பொழுது சாயும்வரை பேசினார்கள்.

ஆற்றங்கரை வளையில் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது முள்ளி என்ற முள்ளம்பன்றி. அதற்கு வாயும் முள்தான்.

"இவ்வளவு பேசுறீங்களே, ஒரு தடவை அடிச்சுத்தான் காட்டுங்களேன்!" என்றது.

"புது முரசும்மா! அடிச்சா தேஞ்சு போயிடாதா?" என்று பதறியது குரங்கு. அதைத்தான் முரசுக்குக் காவலாகப் போட்டிருந்தார்கள். பதவி வந்த நாள் முதல் அதற்குத் தலைகால் புரியவில்லை. முரசைத் தினமும் துடைத்தது. ஈ உட்கார்ந்தால் விரட்டியது. தேக்கிலையால் போர்த்தி மலைக்குகைக்குள் வைத்துக்கொண்டது.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் ஆறு செக்கச்செவேலென்று சுழித்துக்கொண்டு ஏறியது. முள்ளி மூச்சிரைக்கக் குகைக்கு ஓடியது.

"குரங்கண்ணே, தண்ணி ஏறுது! முரசை வெளியே கொண்டாந்து அடிங்க!"

"வெளியேவா? மழை கொட்டுறது கண்ணுல படலையா? நனைஞ்சா தோல் தொய்ஞ்சு போயிடும். மூணு காட்டுச் சொத்தும்மா!"

"அப்ப எப்பத்தான் அடிப்பீங்க?"

"மழை விடட்டும். வெயில் வந்ததும் முதல் வேலை அதுதான்."

இதனிடம் பேசி என்ன பயன்? முள்ளி திரும்பி ஓடியது. அதற்குள் வளையில் தண்ணீர் புகுந்துவிட்டது. இரண்டு குட்டிகளில் ஒன்றைத்தான் கவ்வி இழுக்க முடிந்தது. அன்று முள்ளி அழுத அழுகைக்குக் கல்லும் கரைந்திருக்கும், குழந்தைகளே. முரசு மட்டும் பத்திரமாக இருந்தது.

வெள்ளம் வடிந்ததும் விருந்தினர் அலறியடித்துக்கொண்டு குகைக்கு வந்தார்கள்.

"முரசு நலமா?" என்றது கரடி.

"ஒரு சொட்டு படலைங்க!" என்று குரங்கு அதை வாசலுக்கு உருட்டி வந்தது.

"ஆகா! இத்தனை பெரிய வெள்ளத்திலும் ஒரு கீறல்கூட இல்லை. நமது கூட்டு முயற்சிக்கு இது மாபெரும் வெற்றி!" என்று பூநாரை ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டது. ஓநாய் குரங்குக்கு மாலை போட்டது.

முள்ளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனது. முரசுக்கு முதுகைக் காட்டி நின்று, முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, ஒரே பாய்ச்சலாகப் பின்னால் பாய்ந்தது.

டமார்!

அந்த முரசு போட்ட முதல் சத்தமும் கடைசிச் சத்தமும் அதுதான். ஆற்றங்கரையின் கடைசி வளைவரைக்கும் அது நன்றாகவே கேட்டது.

நீதி: காக்க வந்த கருவியைக் காப்பதே வேலையாகிப் போனால், காக்க வேண்டிய உயிர் ஆற்றோடு போகும்.