அந்த ஒரு வண்டி

கொடைக்கானல் இறக்கத்தில் செபஸ்தியின் டாக்சியில் பிரேக் பெடல் உடைந்தது. மண்மேட்டில் மோதித்தான் நிறுத்தினான். ஸ்டாண்டில் நின்ற அதே மாடல் வண்டிகளுக்கெல்லாம் பெடல் மாற்றித் தரச் சொல்லி வண்டி தயாரித்த கம்பெனியிடம் கேட்டான்.

கம்பெனி அதிகாரி வந்து பார்த்தார். "உன் மிதி அப்படிப்பா. கோளாறு இந்த ஒரு வண்டியிலதான். மத்ததெல்லாம் தங்கம்."

"சரிங்க சார்" என்ற செபஸ்தி, அவர் ஊர் திரும்புவதற்காக வரிசையில் முதலில் நின்ற டாக்சியின் கதவைத் திறந்தான். அதே மாடல்.

"வேற வண்டி இல்லையா?"

"முதல் வண்டி போனாத்தான் சார் அடுத்தது. ஸ்டாண்டு வழக்கம்."

அதிகாரி மலைப்பாதையைப் பார்த்தார். அந்த டாக்சியின் டிரைவரிடம் மெதுவாக, "எதுக்கும் அந்தப் பெடலை ஒரு தடவை பார்த்துடுப்பா" என்றார்.

"எதுக்கு சார்? உடைஞ்சது என் வண்டியிலதானே?" என்றான் செபஸ்தி.

அதிகாரி வண்டியில் ஏறாமலே கதவைச் சாத்திவிட்டு, எல்லா வண்டிக்கும் பெடல் அனுப்பச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஸ்டாண்டில் யாரும் சிரிக்கவில்லை. அவரவர் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.